வெள்ளை மாளிகையில் ஒரு மட்டக்குதிரை

(பத்தாம் வகுப்பு மாணவி)

ஒரு நாட்டின் குடியரசுத் தலைவர் வாழும் மாளிகை என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது என்ன? வாயிலில் விறைப்பாக நிற்கும் காவலர்கள், பளபளக்கும் தரை, சிவப்புக் கம்பளம், மெல்லிய குரலில் பேசும் அதிகாரிகள்! அமெரிக்க நாட்டின் வெள்ளை மாளிகையும் அத்தகையதே. ஆனால் 1901ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் 1909ஆம் ஆண்டு மார்ச் வரை, ஏழரை ஆண்டுகள், அந்த மாளிகையின் கதையே வேறு. படிக்கட்டுகளில் தட்டுகளைப் போட்டு அவற்றின்மேல் அமர்ந்து சறுக்கி வந்தனர் சிறுவர்கள். கூடத்தில் நாய் ஓடியது. நடைபாதையில் பூனை உறங்கியது. சட்டைப் பையிலிருந்து எலி எட்டிப் பார்த்தது. ஒருநாள் மாடிப் படுக்கையறைக்கு ஒரு குதிரையே வந்து சேர்ந்தது!

இத்தனை ஆரவாரத்துக்கும் நடுவே நாட்டை ஆண்டுகொண்டிருந்தவர் தியோடர் ரூஸ்வெல்ட். அவர் அமெரிக்காவின் 26ஆவது குடியரசுத் தலைவர். பனாமாக் கால்வாய்ப் பணியைத் தொடங்கி வைத்தவர். ருஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே சமாதானம் செய்து வைத்து 1906இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றவர். இரண்டாம் உலகப் போரின் காலத்தில் பதவி வகித்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வேறு. அவர் இவருக்குத் தூரத்து உறவினர். தியோடர் ரூஸ்வெல்ட்டின் அரசியல் சாதனைகளை வரலாற்று நூல்கள் விரிவாகக் கூறும். அவற்றை அங்கே படித்துக்கொள்ளலாம். நாம் இங்கே காண விழைவது அவருடைய இல்லத்தை. அங்கே வளர்ந்த ஆறு குழந்தைகளை. அவர்களோடு வளர்ந்த வாயில்லா ஜீவன்களை.

மூச்சுத் திணறிய சிறுவன்

தியோடர் 1858ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். செல்வக் குடும்பம், குறையேதும் இல்லை. ஆனால் குழந்தைக்கு ஆஸ்துமா என்னும் இழுப்பு நோய் இருந்தது. இரவு நேரங்களில் மூச்சுவிட முடியாமல் துடிப்பான். அப்போதெல்லாம் தந்தை அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அறை முழுதும் நடப்பார். சில இரவுகளில் வண்டியில் குதிரைகளைப் பூட்டி, அவனை ஏற்றிக்கொண்டு, குளிர்ந்த காற்று முகத்தில் படும்படி தெருக்களில் வேகமாக ஓட்டிச் செல்வார். நாடாளும் வயதிலும் அந்த இரவுகளை ரூஸ்வெல்ட் மறக்கவில்லை. தம் வாழ்நாளில் தாம் கண்ட மனிதர்களுள் தந்தையே மிகச் சிறந்தவர் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார்.

ஓடியாடி விளையாட முடியாத சிறுவன் புத்தகங்களையும் உயிரினங்களையும் நாடினான். அவனுக்கு ஏழு வயதிருக்கும்போது கடைவீதியில் ஒரு கடல்நாயின் உடல் கிடத்தப்பட்டிருந்ததைக் கண்டான். மறுநாளும் போனான், அதற்கு மறுநாளும் போனான். அதன் நீள அகலங்களை அளந்து குறித்துக்கொண்டான். முடிவில் அதன் மண்டையோடு அவனுக்குக் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு தன் உறவுச் சிறுவர்களுடன் சேர்ந்து வீட்டிலேயே ஓர் அருங்காட்சியகம் தொடங்கினான்! ஆமையைக் கொண்டுவந்து துணி துவைக்கும் தொட்டியின் காலில் அவன் கட்டி வைத்ததாகவும், இதற்கருகில் நின்று நான் எப்படித் துணி துவைப்பது என்று பணிப்பெண் முறையிட்டதாகவும் சொல்வார்கள்.

அவனுக்குக் கண்பார்வையும் குறைவு. ஆனால் பதின்மூன்று வயதளவில்தான் அது தெரியவந்தது. மூக்குக்கண்ணாடி அணிந்த பின்புதான் உலகம் இத்தனை அழகானதா என்று அவன் வியந்தான். உடலை நீயேதான் உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்று தந்தை அறிவுறுத்தியபடியே அன்றாடம் உடற்பயிற்சி செய்து, நலிந்த பிள்ளை வலிமையுள்ள இளைஞனானான்.

ஒரே நாளில் இரு இழப்புகள்

1880ஆம் ஆண்டு, தம் இருபத்திரண்டாம் பிறந்த நாளன்று, ரூஸ்வெல்ட் ஆலிஸ் லீ என்னும் மங்கையை மணந்தார். 1884 பிப்ரவரி 12ஆம் நாள் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அப்போது அவர் நியூயார்க் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராக ஆல்பனி நகரில் இருந்தார். மகிழ்ச்சிச் செய்தியைக் கொண்டுவந்தது முதல் தந்தி. அடுத்து வந்த தந்தியோ அவரை ரயிலேறி விரையச் செய்தது. பிப்ரவரி 14ஆம் நாள் அதிகாலையில் டைபாய்டு காய்ச்சலால் அவருடைய தாயார் இறந்தார். அன்று பிற்பகலிலேயே, அதே வீட்டில், சிறுநீரக நோயால் மனைவியும் இறந்தார். அன்றைய நாட்குறிப்பில் அவர் பெரிய பெருக்கல் குறி ஒன்றைப் போட்டு, அதன் கீழ் ஒரு வரி மட்டும் எழுதினார்.

தாயின் பெயரையே குழந்தைக்கும் சூட்டினார்கள். ஆலிஸ் என்னும் அந்தப் பச்சிளங்குழந்தையைத் தம் தமக்கையிடம் ஒப்படைத்துவிட்டு, ரூஸ்வெல்ட் மேற்கே டக்கோட்டாப் பகுதிக்குச் சென்றார். அங்கே மாட்டுப் பண்ணை நடத்தினார். பகலெல்லாம் குதிரை மீதே கழித்தார். துயரத்தை வேகத்தால் வெல்ல முயன்றார் போலும்! இறந்துபோன மனைவியைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை. மகளிடமும் பேசவில்லை. 1913இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலிலும் அந்த அம்மையாரின் பெயரை அவர் குறிப்பிடவில்லை.

இதைப் படித்தபோது எங்களுக்கு வியப்பைவிட வருத்தமே மிகுதியாயிற்று. தாயின் முகத்தைக் கண்டறியாத பெண்ணுக்குத் தாயைப் பற்றிய சொல்லாவது கிடைத்திருக்க வேண்டாமா? கண்ணின் நிறம், சிரிக்கும் விதம், பாடும் குரல், இவற்றையெல்லாம் தந்தையின் வாயால் கேட்க அவள் மனம் எவ்வளவு ஏங்கியிருக்கும்! ரூஸ்வெல்ட் அன்பில்லாதவர் அல்லர். ஆனால் எவர் முன்னிலையிலும் அஞ்சாமல் பேசிய அவருடைய நா, இந்த ஒரு துயரத்தின் முன்னே கட்டுண்டு போயிற்று.

சாகமோர் ஹில் இல்லம்

1886ஆம் ஆண்டு டிசம்பரில் ரூஸ்வெல்ட் தம் சிறுவயதுத் தோழியான எடித் என்பவரை லண்டனில் மணந்துகொண்டார். எடித் அம்மையார் செய்த முதல் நற்செயல் என்னவென்றால், குழந்தை ஆலிஸ் தங்களுடன்தான் வளர வேண்டும் என்று உறுதியாகக் கூறியதே. நியூயார்க்குக்கு அருகே லாங் ஐலண்டில், கடலோரக் குன்றின்மேல் சாகமோர் ஹில் என்னும் இல்லத்தில் அவர்கள் குடியேறினார்கள். அவர்களுக்குத் தியோடர், கெர்மிட், ஏதெல், ஆர்ச்சி, குவெண்டின் என்று ஐந்து குழந்தைகள் 1887 முதல் 1897க்குள் பிறந்தார்கள். ஆலிஸையும் சேர்த்து ஆறு பேர்.

அந்த வீட்டில் குழந்தைகளின் விளையாட்டுக்குத் தலைவர் யாரென்று நினைக்கிறீர்கள்? தந்தைதான்! அவர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி நடைப்பயணம் அழைத்துச் செல்வார். அதற்கு ஒரே ஒரு விதி உண்டு. வழியில் எது குறுக்கிட்டாலும் அதன் மேலேறிப் போகலாம், கீழே நுழைந்து போகலாம், ஊடுருவிப் போகலாம், சுற்றிக்கொண்டு மட்டும் போகக்கூடாது. வைக்கோற்போர் வந்தால் ஏற வேண்டும். குளம் வந்தால் நீந்த வேண்டும். மாலையில் சேறும் கீறலுமாக வீடு திரும்பும் கூட்டத்தைப் பார்த்து எடித் அம்மையார் என்ன சொல்லியிருப்பார் என்பதை நம் தாய்மார்கள் எளிதில் ஊகிப்பார்கள்!

குழந்தைகளுக்கு அங்கே நாய், பூனை, முயல், குதிரை ஆகியவற்றோடு கினிப்பன்றிகளும் இருந்தன. அவற்றுக்கு அவர்கள் பெரிய மனிதர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். ஒன்றுக்குக் கடற்படைத் தளபதியின் பெயர். மற்றொன்றுக்கு ஆயரின் பெயர். இன்னொன்றுக்கு அவ்வூர்க் கத்தோலிக்கக் குருவானவரின் பெயர். ஒருநாள் பெற்றோர் அமர்ந்திருந்த அறைக்குள் இரண்டு குழந்தைகள் மூச்சிரைக்க ஓடிவந்து, சுவாமியார் குட்டிகள் போட்டுவிட்டார் என்று மகிழ்ச்சியோடு அறிவித்தார்களாம்! எங்கள் வகுப்பில் இதைச் சொன்னபோது எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. சிஸ்டரும் சிரித்துவிட்டார்கள்.

மாளிகை விலங்குக் காட்சிசாலை ஆகிறது

1901 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் மெக்கின்லி சுடப்பட்டு இறந்தார். துணைத் தலைவராக இருந்த ரூஸ்வெல்ட் அப்பதவியை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 42. அவருக்கு முன்னும் சரி, பின்னும் சரி, அத்தனை இளவயதில் எவரும் அந்தப் பதவியை ஏற்றதில்லை. ஆறு குழந்தைகளும் வெள்ளை மாளிகைக்கு வந்தார்கள். அவர்களுடைய பிராணிகளும் வந்தன.

மூத்தவள் ஆலிஸிடம் பச்சைப் பாம்பு ஒன்று இருந்தது. கீரையைப்போலப் பச்சையாக இருந்தமையால் கீரையின் பெயரையும், மெலிந்திருந்தமையால் ஒல்லியான ஓர் அத்தையின் பெயரையும் சேர்த்து எமிலி ஸ்பினாச் என்று அதற்குப் பெயரிட்டாள். விருந்துகளுக்குப் போகும்போது அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போவாள்! தியோடருக்கு நீலநிறப் பஞ்சவர்ணக்கிளி; அதன் அலகு எதையும் கடித்துத் துண்டாக்கவல்லது. கெர்மிட்டுக்குச் சட்டைப் பையில் கங்காரு எலி. காலை உணவு மேசைமேல் அது தாவி வந்து சர்க்கரைக் கட்டியைப் பெற்றுக்கொள்ளும். இவை தவிர ஒற்றைக்கால் சேவல் ஒன்றும் அங்கே மரியாதையுடன் வாழ்ந்தது.

1903இல் ரூஸ்வெல்ட் மேற்கு மாநிலங்களில் சுற்றுப்பயணம் செய்தபோது, கான்சாஸ் மாநிலத்தில் ஒரு சிறுமி பேட்ஜர் குட்டி ஒன்றை அவருக்கு அன்பளிப்பாகத் தந்தாள். பேட்ஜர் என்பது குட்டைக் கால்களும் கூரிய நகங்களும் உடைய, வளை தோண்டி வாழும் பிராணி. நாட்டின் தலைவர் என்ன செய்தார் தெரியுமா? சிறுமி தந்ததைத் தட்டாமல் வாங்கி, ஜோசையா என்று பெயரிட்டு, ரயிலிலேயே புட்டிப்பால் கொடுத்து வளர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆர்ச்சி அதன் இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டே திரிவான். அதுவோ வருவோர் போவோரின் கால்களை ஆசையோடு கடிக்கும்!

பரிசாக வந்த பிராணிகள் வேறு. மேற்கு வர்ஜீனியாவிலிருந்து கரடிக் குட்டி வந்தது. எத்தியோப்பியப் பேரரசர் மெனலிக் கழுதைப்புலியையே அனுப்பி வைத்தார். வீட்டில் வைத்து வளர்க்க இயலாதவை விலங்குக் காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தன.

டாம் குவார்ட்ஸ் என்னும் பூனைக்குட்டி, குடியரசுத் தலைவரைக் கண்டு பேசிவிட்டுப் படியிறங்கிய முதிய அரசியல் தலைவர் ஜோசப் கேனனின் காலைப் பாய்ந்து பற்றியது. அவர் சிறிதும் பதறாமல் அதை உற்று நோக்கினார் என்று ரூஸ்வெல்ட் தம் மகனுக்குச் சுவையாக எழுதினார். ஸ்லிப்பர்ஸ் என்னும் மற்றொரு பூனைக்குக் காலில் ஆறு விரல்கள். அரசு விருந்து முடிந்து விருந்தினர்கள் வரிசையாக வரும் வழியில் அது கம்பளத்தின் நடுவே நீட்டிப் படுத்துவிட்டது. அதை எழுப்ப மனமின்றித் தலைவர் ஒதுங்கி நடந்தார். தலைவரே ஒதுங்கியபின் தூதர்களும் அவர்தம் துணைவியரும் என்ன செய்வார்கள்? அனைவரும் பூனையைச் சுற்றிக்கொண்டே சென்றார்கள்!

கடைக்குட்டி குவெண்டின் 1907இல் செய்த குறும்பு எல்லாவற்றையும் மிஞ்சியது. பிராணிகள் விற்கும் கடையிலிருந்து ஒரு பெரிய பாம்பையும் இரண்டு சிறிய பாம்புகளையும் இரவலாகப் பெற்றுவந்தான். (அவை நஞ்சில்லாதவை.) அரசின் தலைமை வழக்கறிஞருடன் முக்கிய ஆலோசனையில் இருந்த தந்தையின் மடியில் அவற்றைக் கொண்டுவந்து போட்டான். தந்தை சினக்கவில்லை, அடுத்த அறையில் பாராளுமன்ற உறுப்பினர்கள் நால்வர் பொழுது போகாமல் காத்திருக்கிறார்கள், அவர்களிடம் போய்க் காட்டு என்று அனுப்பிவைத்தார்! அவர்கள் முதலில் மரப்பாம்புகள் என்றே எண்ணினார்கள். உயிருள்ளவை என்று தெரிந்ததும் பின்வாங்கினார்கள். அதற்குள் பெரிய பாம்பு குவெண்டினின் சட்டைக் கைக்குள் புகுந்துவிட்டது. கடைசியில் அவர்களுள் ஒருவர் நடுங்கிய விரல்களால் அவனுடைய மேற்சட்டையைக் கழற்ற உதவிக்கொண்டிருந்தார். இதைத் தந்தை வேறு ஊரில் பள்ளியில் இருந்த ஆர்ச்சிக்குக் கடிதமாக எழுதினார். இத்தகைய கடிதங்கள், அவரே வரைந்த படங்களுடன், 1919இல் புத்தகமாக வெளிவந்தன.

கண்டிப்பும் உண்டு

எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தார் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. குவெண்டினும் தோழர்களும் ஒருநாள் காகிதத்தை எச்சிலில் நனைத்து உருட்டி, சுவரில் மாட்டியிருந்த ஆண்ட்ரூ ஜாக்சன் என்னும் பழைய குடியரசுத் தலைவரின் ஓவியத்தின்மேல் எறிந்து விளையாடினார்கள். அன்றிரவு அதைக் கண்ட தந்தை, உறங்கிக்கொண்டிருந்த மகனைப் படுக்கையிலிருந்து எழுப்பி, ஒவ்வோர் உருண்டையாக எடுக்கச் செய்தார். மறுநாள் தோழர்களையும் அழைத்து விசாரித்து, சிறிது காலம் மாளிகைப் பக்கம் வரக்கூடாது என்று தீர்ப்பளித்தார். பிராணிகளுக்கும் நீதி ஒன்றே. பீட் என்னும் நாய் பலரைக் கடித்தது. பிரெஞ்சுத் தூதரையும் துரத்தியது. எனவே அது சாகமோர் ஹில் இல்லத்துக்கு நாடு கடத்தப்பட்டது!

லிஃப்டில் ஏறிய குதிரை

ஆர்ச்சிக்கு அல்கான்குவின் என்னும் மட்டக்குதிரை இருந்தது. புள்ளிகள் படர்ந்த அழகிய உடல் அதற்கு. ஸ்கிப் என்னும் குட்டை நாயும் அவனுக்குத் தோழன். ரூஸ்வெல்ட் மேற்கே வேட்டைக்குப் போயிருந்தபோது கிடைத்த நாய் அது. ஆர்ச்சி குதிரைமேல் அமர்ந்தால் ஸ்கிப்பும் அதன் முதுகில் தாவி ஏறிக்கொள்ளும். மழைக்காலத்தில் மாடிக் கூடமே பந்தயத் திடல். வழவழப்பான தரையில் ஆர்ச்சி நாயைப் பின்னே தள்ளிவிட்டு ஓடுவான். அது நாலு காலும் வழுக்க, ஓடுவதற்குப் பிடி கிடைக்காமல் திண்டாடிப் பின் பாய்ந்து துரத்தும்.

1903இல் ஆர்ச்சி தட்டம்மையால் படுத்தான். காய்ச்சலும் களைப்புமாக நாள்கள் கழிந்தன. அவனுக்கு மிகவும் பிரியமான குதிரையைக் கண்ணால் கண்டால் அவன் தேறிவிடுவான் என்று குவெண்டினுக்குத் தோன்றியது. அவனுக்கு அப்போது ஐந்தாறு வயதுதான்! லாயப் பணியாளரின் துணையோடு அல்கான்குவினை மாளிகையின் உள்ளே அழைத்துவந்து, லிஃப்டில் ஏற்றி, மாடிக்குக் கொண்டு சேர்த்துவிட்டான். லிஃப்டில் இருந்த கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்ட குதிரை, அதைவிட்டு வெளியேவர மறுத்ததாகவும் சொல்வார்கள். படுக்கையருகே குளம்போசை கேட்டுக் கண்விழித்த ஆர்ச்சியின் முகம் எப்படி மலர்ந்திருக்கும்!

நோயாளிக்கு மருந்தும் உணவும் எல்லோரும் தருவார்கள். அவனுக்கு எது மகிழ்ச்சி தரும் என்று எண்ணிப் பார்த்தது அந்தச் சின்னஞ்சிறு நெஞ்சம். ஆகவேதான் நூற்றாண்டு கடந்தும் அந்தக் குதிரையின் கதை மறையவில்லை.

முயலுக்கு ஓர் இறுதி ஊர்வலம்

1904ஆம் ஆண்டு பீட்டர் என்னும் முயல் இறந்தது. வேறு வீடாக இருந்தால் குப்பையோடு குப்பையாகப் போயிருக்கும். இங்கே நடந்தது வேறு. ஆர்ச்சி சிறிய கரிய பெட்டியில் அதை வைத்துத் தன் விளையாட்டு வண்டியில் இழுத்துச் சென்றான். குடியரசுத் தலைவரின் துணைவியாரான எடித் அம்மையார் தலைமைத் துக்கக்காரராக வண்டியின் பின்னே நடந்தார். தாயும் மகனும் இறந்த முயலின் நற்குணங்களை ஒருவருக்கொருவர் மாறிமாறி எடுத்துரைத்தார்கள். பின்னர்த் தோட்டத்தில் அடக்கம் செய்து, அச்சிறு குழியின்மேல் ஒரு மலர்ச்செடி வைத்தார்கள்.

இந்நிகழ்ச்சியை நாங்கள் பலமுறை எண்ணிப் பார்த்தோம். மேலோட்டமாகப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தத் தாய் எவ்வளவு பெரிய பாடத்தைக் கற்பித்தார்! இறந்தவரைப் பற்றிப் பேசலாம், அவருடைய நல்ல குணங்களை வாய்விட்டுச் சொல்லலாம், அழலாம், அதன்பின் மலர் வைத்துவிட்டு வீடு திரும்பலாம். கணவர் தம் வாழ்நாளில் கற்றுக்கொள்ளாத பாடத்தை, அவர் பிள்ளைகளுக்கு ஒரு முயலைக் கொண்டு கற்பித்துவிட்டார்.

ஒரு கேள்வி

இவ்வளவு பிராணிகளை வளர்த்த ரூஸ்வெல்ட் பெரிய வேட்டைக்காரரும் ஆவார். இதை மறைப்பது நேர்மையாகாது. 1902இல் மிசிசிப்பி மாநிலத்தில் அவர் வேட்டைக்குப் போனபோது கரடி ஒன்றைப் பிடித்து மரத்தில் கட்டிவைத்துச் சுடச் சொன்னார்கள். கட்டுண்ட பிராணியைச் சுடுவது வீரமன்று என்று அவர் மறுத்துவிட்டார். அதைப் பத்திரிகையில் கேலிச்சித்திரமாக வரைந்தார்கள்; அதைக் கொண்டே, அவருடைய செல்லப் பெயரான டெடியையும் சேர்த்து, டெடி கரடிப் பொம்மை பிறந்தது. நம் வீட்டுக் குழந்தைகள் அணைத்துக்கொண்டு உறங்கும் பொம்மை அது! ஆனால் காயமுற்றிருந்த கரடியை வேதனை நீங்கக் கொன்றுவிடச் சொன்னார் என்பதும் உண்மையே. பதவியிலிருந்து விலகிய பின்பு 1909, 1910ஆம் ஆண்டுகளில் ஆப்பிரிக்கா சென்று, அவரும் கெர்மிட்டும் 500க்கும் மேற்பட்ட விலங்குகளைச் சுட்டார்கள். அருங்காட்சியகத்துக்காக என்று சொன்னாலும் அந்த எண்ணிக்கை நம் மனத்தை உறுத்தவே செய்கிறது.

அதே மனிதர்தாம் 1903இல் புளோரிடாவின் பெலிக்கன் தீவைப் பறவைகளின் புகலிடமாக அறிவித்தார். இறகுக்காகப் பறவைகளைக் கொன்று குவித்த வணிகர்களிடமிருந்து அவற்றைக் காத்தார். அவர் ஆட்சியில் 51 பறவைக் காப்பிடங்களும் 5 தேசியப் பூங்காக்களும் ஏற்பட்டன. மொத்தத்தில் ஏறத்தாழ 23 கோடி ஏக்கர் நிலம் காக்கப்பட்டது. ஒரே கையில் துப்பாக்கியும் காக்கும் ஆணையும் இருந்தது எப்படி? இதற்கு எங்களுக்கு முழு விடை கிடைக்கவில்லை. பெரியோர்களின் வாழ்விலும் ஏற்கத்தக்கதும் தள்ளத்தக்கதும் உண்டு. ஆராய்ந்து கொள்வது நம் கடமை என்றே கொண்டோம்.

போர்க்களமும் குதிரை லாயமும்

காலம் ஓடியது. ஆலிஸ் 1906இல் வெள்ளை மாளிகையிலேயே மணம் புரிந்தாள். பிள்ளைகள் பெரியவர்களானார்கள். 1914இல் முதல் உலகப் போர் மூண்டது. 1917இல் அமெரிக்காவும் அதில் இறங்கியபோது ரூஸ்வெல்ட்டுக்கு வயது 58. தாமே படை திரட்டிச் செல்ல விரும்பினார், அரசு இசையவில்லை. அவருடைய நான்கு மகன்களும் போருக்குச் சென்றார்கள். ஏதெல் முன்னரே பாரிஸ் மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரிந்தவள். நாட்டுக்காகப் போரிடுவதே ஆண்மை என்று பிள்ளைகளுக்குச் சிறுவயது முதல் கற்பித்தவர் தந்தையே.

ஆர்ச்சி படுகாயமுற்றான். தியோடரும் காயமுற்றான். கடைக்குட்டி குவெண்டின் விமானியானான். 1918 ஜூலை 14ஆம் நாள் பிரான்சு நாட்டில் அவனுடைய விமானம் எதிரிகளால் சுட்டு வீழ்த்தப்பட்டது. அப்போது அவனுக்கு வயது இருபதுதான். அண்ணனுக்காகக் குதிரையை மாடியேற்றிய அந்தக் குறும்புக்காரன் மீண்டு வரவில்லை.

செய்தி கேட்ட மறுநாளே, ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த பொதுக்கூட்டத்துக்குச் சென்று ரூஸ்வெல்ட் உரையாற்றினார். ஊரார் முன்னிலையில் அவர் கலங்கவில்லை. ஆனால் சாகமோர் ஹில் இல்லத்துப் பணியாளர் ஒருவர் வேறொரு காட்சியைக் கண்டதாகச் சொல்வார்கள். குதிரை லாயத்தின் மங்கிய வெளிச்சத்தில், பிள்ளைகள் ஒருகாலத்தில் ஏறித் திரிந்த மட்டக்குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அதன் பிடரி மயிரில் முகம் புதைத்து, மகனின் குழந்தைப் பருவச் செல்லப் பெயரைச் சொல்லிச் சொல்லி முதியவர் ஒருவர் விம்மிக்கொண்டிருந்தார்.

முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் நாட்குறிப்பில் பெருக்கல் குறி போட்டு மூடிய வாய் இப்போது திறந்தது. ஆனால் மனிதர் முன்னிலையில் அன்று. கேள்வி கேட்காத, அறிவுரை கூறாத, அழுகையைக் கண்டு வியக்காத ஒரு வாயில்லா ஜீவனின் முன்னிலையில்! தட்டம்மையில் கிடந்த மகனுக்கு அன்று மட்டக்குதிரை ஆறுதலாயிற்று. மகனை இழந்த தந்தைக்கும் பின்னாளில் மட்டக்குதிரையே ஆறுதலாயிற்று.

அதற்குப்பின் அவர் ஆறு மாதமே வாழ்ந்தார். 1919 ஜனவரி 6ஆம் நாள் சாகமோர் ஹில் இல்லத்தில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அந்த இல்லம் இன்றும் நினைவகமாகப் போற்றிக் காக்கப்படுகிறது. குடும்பத்தாரின் அன்புப் பிராணிகளை அடக்கம் செய்த இடமும் அங்கே இருக்கிறது.

அன்புத் தோழியரே! நம் வீடுகளில் கரடியும் கழுதைப்புலியும் இல்லை. ஆனால் வாசலில் வாலாட்டும் நாயும், அடுப்பங்கரையில் சுருண்டு படுக்கும் பூனையும், கொல்லையில் கட்டிய கன்றும், கூண்டுக் கிளியும் பல வீடுகளில் உண்டு. அவற்றுக்கு நேரத்தில் நீர் வைப்பதும், அடிபட்டால் மருந்திடுவதும், வெயிலில் வாடாமல் காப்பதும் நம் பொறுப்பு. அவை நமக்குச் செய்யும் கைம்மாறு அதனினும் பெரிது.

அதோடு மற்றொன்றும் உண்டு. நம் வீட்டிலும் பேசாத துயரங்கள் இருக்கலாம். தாத்தா இறந்தபின் பாட்டியிடம் அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசினால் அழுவார் என்று அஞ்சுகிறோம். தம் துயரை மறைத்து அப்பா மாட்டுக் கொட்டிலில் வேலை செய்வதுபோல் நெடுநேரம் நிற்கலாம். நாம் மெல்ல அருகில் போய் நிற்கலாமே! இறந்தவரின் நற்குணங்களைப் பற்றி ஒரு சொல் நாமே தொடங்கலாமே! முயலுக்குப் பின்னே நடந்த அந்தத் தாயைப்போல நடக்கக் கற்றுக்கொண்டால், நம் இல்லங்களில் ஆலிஸைப்போல ஏங்கும் குழந்தைகளும், லாயத்தில் தனியே விம்மும் தந்தையரும் இரார். அதற்கு நாம் இன்றே முயல்வோமாக!